போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் வாங்குவது எப்படி: கடைக்குப் போகும் முன்பும், வாங்கி வந்த முதல் இரண்டு நாளும்

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த பிராண்ட் நல்லது?" என்றுதான். அந்தக் கேள்விக்கு அவ்வளவு முக்கியத்துவம் தேவையில்லை. சுழலும் தட்டு உள்ள ஹார்ட் டிஸ்கை இன்று உலகத்தில் தயாரிப்பவை சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்ற மூன்று நிறுவனங்கள்தான். மேலே ஏடேட்டா, டிரான்ஸெண்ட், லாசி என்று எது எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது இந்த மூன்றில் ஒன்று. அந்தக் காசையும் கவலையையும் வேறு இரண்டு விஷயங்களில் போடலாம். ஒன்று, உங்கள் பயன்பாட்டுக்கு ஏற்ற வகையைத் தேர்ந்தெடுப்பது. இன்னொன்று, இரண்டாவது பிரதி வைக்க வழி செய்வது.

1. டிஸ்க் அலையுமா, ஓரிடத்தில் இருக்குமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சாதாரண போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்குக்குள் கண்ணாடி அல்லது அலுமினியத் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று வேகத்தில் சுழல்கிறது. தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் ஹெட் (படித்து எழுதும் முனை) மிதந்து படிக்கிறது. டிஸ்க் அணைந்திருக்கும்போது ஹெட் தட்டை விட்டு விலகி ஓரத்தில் பார்க் ஆகிவிடும். அதனால் அணைந்த டிஸ்க் பையில் இடிபட்டாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும்போது மேஜையிலிருந்து சரிந்தால் கதை வேறு. 2.5 இன்ச் டிஸ்குகளின் டேட்டா ஷீட்டைப் பாருங்கள்: அணைந்த நிலையில் 1000 ஜி (புவியீர்ப்பைப் போல ஆயிரம் மடங்கு) அதிர்ச்சி தாங்கும் என்று போட்டிருக்கும் டிஸ்க், ஓடும்போது 400 ஜிதான் தாங்கும் என்றிருக்கும். டைல்ஸ் தரையில் விழும்போது அந்த 400 எளிதாகத் தாண்டிவிடும்.

ஆகவே கல்லூரிப் பையில் தினமும் போய் வருகிற டிஸ்க், கல்யாண மண்டபத்தில் கேமரா கார்டைக் காப்பி செய்கிற டிஸ்க், ரயிலில் மடியில் வைத்து வேலை பார்க்கிற டிஸ்க் எல்லாம் எஸ்எஸ்டியாக இருக்கட்டும். அது ப்ளாஷ் சிப்பில் சேமிக்கும் வகை, அதில் அசையும் பாகமே கிடையாது. வீட்டுப் புகைப்படங்களைச் சேர்த்து பீரோவில் வைப்பதற்கும், டிவியில் படம் பார்ப்பதற்கும், மாதம் ஒருமுறை பேக்கப் எடுப்பதற்கும் ஹார்ட் டிஸ்க் போதும். அதே காசுக்கு இடமும் கூடுதலாகக் கிடைக்கும்.

எஸ்எஸ்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது மின்சாரமே பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் கிடப்பதற்கானது அல்ல. ஜெடெக் என்ற சிப் தொழில்துறை அமைப்பின் தர நிர்ணயப்படி சாதாரணப் பயன்பாட்டு எஸ்எஸ்டி, ஆயுள் முழுக்க எழுதித் தேய்ந்த பிறகு, 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு வரை டேட்டாவை வைத்திருந்தால் போதும். புதிய எஸ்எஸ்டி அதைவிட நீண்ட நாள் தாங்கும் என்றாலும், நம்மூர் வெயிலில் பீரோவுக்குள் ஐந்து வருடம் போட்டு வைக்க அதை நம்பாதீர்கள். கெட்டுப்போகும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் மெதுவாகி, சத்தம் போட்டு, முன்கூட்டியே ஏதோ சொல்லும். எஸ்எஸ்டி நேற்று வரை ஓடியது இன்று கண்ணிலேயே படாது.

2. கொள்ளளவும் செலவும்

பெட்டியில் 1 டிபி என்று இருந்தால் விண்டோஸ் 931 ஜிபி காட்டும். 2 டிபிக்கு 1.81 டிபி. இது ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. மேக் 1 டிபி என்றே காட்டும்.

இன்று உங்களிடம் உள்ள டேட்டாவை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதுதான் வாங்க வேண்டிய அளவு. டிஸ்கை விளிம்பு வரை நிரப்பினால் எழுதும் வேகம் விழும், எஸ்எஸ்டியில் தேய்மானமும் கூடும். 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. 2025 கடைசியிலிருந்து ப்ளாஷ் சிப் விலை ஏறியதில் எஸ்எஸ்டி விலையும் ஏறிவிட்டது. அதனால் மொத்த விலையைப் பார்க்காமல், ஒரு டிபிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். ஹார்ட் டிஸ்கில் 1 டிபி எப்போதும் நஷ்டம். மோட்டார், போர்டு, கவர் செலவு எல்லாம் 2 டிபிக்கும் ஏறக்குறைய அதேதான் என்பதால், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் இரண்டு மடங்கு இடம் கிடைத்துவிடும். அதற்காக 5 டிபிக்கு ஓடவும் வேண்டாம். அதற்குள் தட்டுகளும் ஹெட்டுகளும் அதிகம், கனமும் தடிமனும் அதிகம், ஒன்று போனால் எல்லாம் ஒரே நாளில் போகும். 4 டிபி ஒன்று வாங்கும் காசு கையில் இருந்தால், 2 டிபி இரண்டு வாங்கி ஒரே டேட்டாவை இரண்டிலும் வைப்பதுதான் என் பரிந்துரை. முடிந்தால் வெவ்வேறு பிராண்டில் வாங்குங்கள். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய ஜோடி, ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்புண்டு.

விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கும். ஜிஎஸ்டி பதிவு வைத்துத் தொழில் செய்பவர்கள் பில்லில் தங்கள் எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு கேட்டால் பல கடைகள் மாற்றித் தருவதில்லை.

3. பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கும் விதம்

யூஎஸ்பி 3.0, யூஎஸ்பி 3.1 ஜென் 1, யூஎஸ்பி 3.2 ஜென் 1 ஆகிய மூன்றும் ஒன்றே: நொடிக்கு 5 ஜிகாபிட். ஹார்ட் டிஸ்க் எப்படி ஓடினாலும் நொடிக்கு 130 அல்லது 140 எம்பிக்கு மேல் போகாது, ஆகவே அதற்கு இதுவே தாராளம். எஸ்எஸ்டிக்கு 10 ஜிகாபிட், அதாவது ஜென் 2, பாருங்கள். நொடிக்கு ஆயிரம் எம்பியை ஒட்டிக் கிடைக்கும். 2000 எம்பி என்று விளம்பரம் செய்வது ஜென் 2x2. அந்த போர்ட் பல லேப்டாப்களில் இல்லை. இல்லாத இடத்தில் டிஸ்க் 10 ஜிகாபிட்டுக்கு இறங்கித்தான் ஓடும். இல்லாத வேகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

விளம்பர வேகம் முதல் சில பத்து ஜிபிக்குத்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். கியூஎல்சி வகை சிப் (ஒரு செல்லில் நான்கு பிட் வைப்பது) போட்ட மலிவு எஸ்எஸ்டியில் கேஷ் எனும் வேகமான தற்காலிக இடம் நிரம்பியதும் வேகம் ஹார்ட் டிஸ்குக்கும் கீழே போகும். ஒரே மூச்சில் 200 ஜிபி வீடியோ கொட்டுகிறவர்கள் டிஎல்சி (ஒரு செல்லில் மூன்று பிட்) என்று குறிப்பிட்ட மாடலையே தேடுங்கள்.

ஹார்ட் டிஸ்கிலும் இதுபோல் ஒன்று உண்டு. 2 டிபிக்கு மேலான போர்ட்டபிள்களில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் முறையில் எழுதுபவை. ஓடு வேய்வது போல டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுவில் ஒரு டிராக்கை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் உள்ளவற்றையும் திரும்ப எழுத வேண்டும். ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களைத் தொடர்ந்து ஏற்றினால் வேகம் நொடிக்கு இருபது முப்பது எம்பிக்கு விழுவது இதனால்தான். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பேக்கப்புக்கு இது போதும். எடிட்டிங் சாஃப்ட்வேரை நேராக இதிலிருந்து ஓட்ட நினைத்தால் மட்டும் சரிவராது.

"மிலிட்டரி கிரேடு" என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள். மில்-எஸ்டிடி-810ஜி டிரான்சிட் டிராப் சோதனை என்பது 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 முறை போடுவது. அதுவும் டிஸ்க் அணைந்த நிலையில். ரப்பர் உறை போட்ட ஹார்ட் டிஸ்க் பைக்குள் விழுவதைத் தாங்கும். ஓடும்போது தவறி விழுந்தால் அந்த முத்திரை உதவாது. ஐபி65 போன்ற எண்ணில் முதல் இலக்கம் தூசி, இரண்டாவது தண்ணீர். போர்ட்டுக்கு ரப்பர் மூடி உள்ள மாடலில் அந்த மூடி சரியாக மூடியிருந்தால்தான் அந்த எண் செல்லும்.

4. போர்ட்டையும் கேபிளையும் பாருங்கள்

கையடக்க டிஸ்குகளில் முதலில் சாவது பல நேரம் கனெக்டர்தான். பல ஹார்ட் டிஸ்குகளில் இன்னும் இருப்பது மைக்ரோ-பி என்கிற தட்டையான இரட்டை வாய் போர்ட். கேபிளை மேலும் கீழும் ஆட்டி எடுத்தால் சில மாதங்களில் ஆடத் தொடங்கிவிடும். அதே விலையில் டைப்-சி போர்ட் உள்ள மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள்.

இன்னொன்று கடைக்காரர் சொல்லமாட்டார். வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா போர்ட்டபிள்கள் பலவற்றில் யூஎஸ்பி போர்ட் டிஸ்கின் சர்க்யூட் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். போர்ட் உடைந்தால் டிஸ்கைக் கழற்றி வேறு கேஸில் மாட்ட முடியாது. சாட்டா டிஸ்க் (லேப்டாப்புக்குள் மாட்டும் வகை) ஒன்றையும் தனி அடாப்டர் போர்டையும் சேர்த்த வகையில், அடாப்டர் போனால் சில நூறு ரூபாயில் வேறு மாற்றலாம். கடைச் சோதனையில் இது தெரியாது. மாடல் பெயரோடு "டியர்டவுன்" (பிரித்துப் பார்ப்பது) என்று தேடினால் படம் கிடைக்கும்.

ரிப்பேர் வசதி முக்கியம் என்பவர்களுக்கு, என்விஎம்இ எஸ்எஸ்டியும் (கம்ப்யூட்டருக்குள் மாட்டும் பட்டை வடிவ எஸ்எஸ்டி) அதை வைக்கும் அலுமினிய உறையான என்குளோஷரும் தனித்தனியாக வாங்கி மாட்டுவது நல்ல வழி. ரியல்டெக் ஆர்டிஎல்9210 சிப் உள்ள என்குளோஷர் கேட்டு வாங்குங்கள். ஒரே ஒரு ஸ்க்ரூ வேலை. நல்ல எஸ்எஸ்டிகளுக்கு ஐந்து வருட வாரண்டியும் கிடைக்கும்.

5. எங்கே வாங்குவது, எதில் ஏமாறுவோம்

ஆன்லைனில் 16 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி இரண்டாயிரம் ரூபாய் என்று வந்தால் அது போலி. உள்ளே ஒரு மெமரி கார்டும், 16 டிபி என்று பொய் சொல்லும் சர்க்யூட்டும் இருக்கும். காப்பி செய்யும்போது எல்லாம் ஏறுவது போலவே காட்டும். உண்மையான இடம் தீர்ந்ததும் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். ஃபைல் பெயர்கள் வரிசையாகத் தெரியும், திறந்தால் ஒன்றும் திறக்காது.

சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் சந்தைகளில் வேறு வகை ஏமாற்று நடக்கும். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய டிஸ்கைப் புதுக் கேஸில் போட்டு, பிளாஸ்டிக் கவர் சுற்றி, "ஓஇஎம் பீஸ், கம்பெனி பாக்ஸ் இல்லாததால் விலை குறைவு" என்பார்கள். (ஓஇஎம் என்றால் கம்ப்யூட்டர் தயாரிப்பாளருக்கென்று போன சரக்கு.) ரிச்சி தெருவில் நல்ல டீலர்களும் நிறைய உண்டு. சீல் பிரிக்காத கம்பெனி பெட்டியும் ஜிஎஸ்டி பில்லும் தருகிறாரா என்பதுதான் அளவுகோல்.

பெட்டியின் பின்புறம் மூன்று இருக்க வேண்டும்: எம்ஆர்பி, இறக்குமதியாளர் பெயர் முகவரி, தயாரித்த மாதம் வருடம். கூடவே பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் பாருங்கள். யூஎஸ்பி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இந்தியாவில் கட்டாயப் பதிவுப் பட்டியலில் உள்ள பொருள். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். இவை இல்லாத பெட்டி கிரே மார்க்கெட் சரக்காக, அதாவது அதிகாரபூர்வ வழியில் வராததாக, இருக்கலாம், அதற்கு இங்கே வாரண்டி எதிர்பார்க்க முடியாது.

6. பில், சீரியல் நம்பர், வாரண்டி

கடையில் வாங்கினால் பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். மாடல் பெயர் மட்டும் போட்ட பில் வாரண்டி சமயத்தில் தகராறு தரும். பெட்டியில் உள்ள சீரியல் நம்பரும் டிஸ்கின் முதுகில் உள்ளதும் ஒன்றா என்று அங்கேயே பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் பார்சல் லேபிளில் தொடங்கி சீல் பிரிப்பது வரை ஒரே ஓட்டத்தில் வீடியோ எடுத்து வையுங்கள்.

அன்றே நிறுவனத்தின் தளத்தில் வாரண்டி செக் பக்கத்தில் சீரியல் நம்பரைப் போடுங்கள். பெரும்பாலான மாடல்களுக்கு மூன்று வருடம் வரும். இரண்டு வருடம் நான்கு மாதம் என்று குறைத்துக் காட்டினால், தயாரித்த அல்லது கடைக்கு அனுப்பிய தேதியிலிருந்து கணக்கு ஓடுகிறது என்று அர்த்தம். பில்லை அனுப்பினால் வாங்கிய தேதிக்குத் திருத்தித் தருவது வழக்கம். "ஓஇஎம்", "வேறு பிராந்தியம்" என்று வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தெர்மல் பேப்பர் பில் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும். படம் பிடித்து மெயிலில் போட்டு வையுங்கள். அந்த டிஸ்கிலேயே சேமித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள்!

7. முதல் இரண்டு நாள்: டேட்டா ஏற்றும் முன் சோதனை

ஆன்லைன் ரிட்டர்ன் காலம் பல பொருட்களுக்கு ஏழு அல்லது பத்து நாள்தான், அதுவும் மாற்றித் தருவது மட்டும். கடைகளில் இன்னும் குறைவு. இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், இரண்டாவதை ஒரு ராத்திரி ஓட விடுங்கள்.

முதலில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறங்கள். அதில் எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும், பார்த்ததும் மிரட்டும். ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், அதில் ரா வேல்யூஸ், அதில் 10 என்பதைத் தேர்ந்தால் சாதாரண எண்ணாக மாறும். பிறகு இவற்றைப் பாருங்கள்:

பவர் ஆன் ஹவர்ஸ்: புது டிஸ்கில் பூஜ்யம், அல்லது மிஞ்சிப்போனால் ஓரிரு மணி. நூற்றுக்கணக்கில் இருந்தால் அது பழைய டிஸ்க், வாதமே வேண்டாம்.

ரீ-அலொகேட்டட் செக்டார், கரண்ட் பெண்டிங் செக்டார், அன்கரெக்டபிள் செக்டார்: இவை டிஸ்கில் பழுதான அல்லது பழுதாகிவரும் இடங்களின் எண்ணிக்கை. மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

சீகேட் டிஸ்கில் ரா ரீட் எரர் ரேட், சீக் எரர் ரேட் இரண்டும் கோடிக்கணக்கில் இருக்கும். அவர்கள் அந்த எண்ணைச் சேர்த்து எழுதும் முறை அப்படி, அது பிழையல்ல. இதைப் பார்த்துப் பயந்து நல்ல டிஸ்கைத் திருப்பி அனுப்பியவர்கள் நிறைய.

அடுத்து முழு எழுத்துச் சோதனை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன நிரலை ஓட்டினால் டிஸ்க் முழுக்க எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். போலிக் கொள்ளளவும் மோசமான செக்டாரும் இரண்டுமே இதில் மாட்டும். மேக், லினக்ஸில் எஃப்3 என்ற நிரல் இதே வேலையைச் செய்யும். 2 டிபி ஹார்ட் டிஸ்கில் சராசரி நொடிக்கு 100 எம்பி என்று வைத்தால் எழுத ஐந்தரை மணி, படிக்க ஐந்தரை மணி. லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு, ஸ்லீப் ஆகாதபடி அமைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். எஸ்எஸ்டிக்கு மிகக் குறைந்த நேரம்தான். முடிந்ததும் மறுபடி கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்து அந்த மூன்று எண்களும் இன்னும் பூஜ்யம்தானா என்று பாருங்கள்.

சோதனையில் வேகம் நொடிக்கு 35 அல்லது 40 எம்பியிலேயே நின்றால் டிஸ்கைக் குறை சொல்லும் முன் கேபிளைப் பாருங்கள். மைக்ரோ-பி போர்ட்டில் பழைய போன் சார்ஜர் கேபிளும் பாதியில் பொருந்தும். அது யூஎஸ்பி 2.0 வேகம்தான் தரும். டிஸ்க் சொருகியதும் டிக் டிக் என்று சொல்லி நின்றுவிட்டால் மின்சாரம் போதாமல் இருக்கலாம். சுழலத் தொடங்கும் நொடியில் இந்த டிஸ்குகளுக்கு ஏறக்குறைய ஒரு ஆம்பியர் வேண்டும். யூஎஸ்பி 2.0 போர்ட் 0.5, யூஎஸ்பி 3.0 போர்ட் 0.9 ஆம்பியர் தரும்படிதான் விதி. ஹப்பை எடுத்துவிட்டு, டெஸ்க்டாப்பின் பின்பக்க போர்ட்டில், பெட்டியில் வந்த குட்டைக் கேபிளோடு முயன்று பாருங்கள்.

8. ஃபார்மேட்டும் பூட்டும்

டிஸ்கை விண்டோஸில் மட்டும் பயன்படுத்துவதென்றால் என்டிஎஃப்எஸ் ஃபார்மேட். விண்டோஸ், மேக் இரண்டிலும் என்றால் எக்ஸ்ஃபேட். இதில் பாதியில் பிடுங்கினால் சேதம் கூடுதல், கவனம். மேக் மட்டும் என்றால் எஸ்எஸ்டிக்கு ஏபிஎஃப்எஸ். ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேலான ஒரு ஃபைல்கூட ஏறாது.

ஆதார், பத்திரம், வங்கி ஆவணம் எல்லாம் இதில் போகும் என்றால் பிட்லாக்கர் (விண்டோஸிலேயே உள்ள பாஸ்வேர்ட் பூட்டு) போடுங்கள். பூட்ட விண்டோஸ் ப்ரோ வேண்டும், திறக்க ஹோம் போதும். ஹோம் மட்டும் இருப்பவர்களுக்கு வெராகிரிப்ட் என்ற இலவச நிரல். ரெகவரி கீயை அச்செடுத்து வேறிடத்தில் வையுங்கள். அது தொலைந்தால் எந்த ரெகவரி கடையாலும் ஒன்றும் செய்ய முடியாது. பூட்டிய டிஸ்கை டிவி படிக்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

9. தினசரிப் பயன்பாடு

ஹார்ட் டிஸ்க் ஓடும்போது தட்டையாக, கேபிள் தொங்காமல் இருக்கட்டும். லேப்டாப் மூடியின் மேல் டேப் போட்டு ஒட்டுவது, நிற்க வைப்பது எல்லாம் விபத்துக்கு அழைப்பு. இஜெக்ட் கொடுத்து, சுழலும் அதிர்வு கையில் நின்ற பிறகு தூக்குங்கள். "டிஸ்க் பயன்பாட்டில் உள்ளது" என்று வந்தால் பிடுங்காமல் கம்ப்யூட்டரையே ஷட்டவுன் செய்யுங்கள்.

பல மாடல்களுக்கு அறை வெப்பம் 35 டிகிரி வரைதான் அனுமதி. சித்திரை வெயிலில் மெத்தை மேல் வைத்து மணிக்கணக்கில் காப்பி செய்தால் அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஃபேன் காற்று படும் மேஜை போதும். ஏசி அறையிலிருந்து வெளியே புழுக்கத்துக்குக் கொண்டுவந்தால் அரைமணி கழித்துச் சொருகுங்கள், உள்ளே ஈரம் படிந்திருக்கும். டிவியின் பின்னால் நிரந்தரமாகச் சொருகி வைக்க வேண்டாம். கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் ஹெட் அவசரமாக ஒதுங்க வேண்டியிருக்கும்.

10. சத்தம் வந்தால்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் அந்த மூன்று செக்டார் எண்களைப் பாருங்கள். பெண்டிங் செக்டார் ஒன்றிரண்டு வந்துவிட்டாலே முக்கியமானதை அன்றே வேறிடத்துக்கு எடுத்துவிடுங்கள். அந்த நிலையில் செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் நிரல்) ஓட்டாதீர்கள். தளர்ந்த டிஸ்கை அது முழுக்கத் துழாவி, இருந்ததையும் கெடுத்துவிடும். கிளிக் கிளிக் என்று சீராகச் சத்தம் வந்தால், கேபிளையும் போர்ட்டையும் ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்பச் சொருகினால் ஹெட் தட்டைச் சுரண்டும். ஃப்ரீசரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது எல்லாம் ரெகவரிக்காரரின் வேலையைக் கூட்டும், உங்கள் பில்லையும் கூட்டும். டிஸ்கைத் திறந்து செய்யும் ரெகவரிக்குப் பெரும்பாலும் புது டிஸ்கின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். இரண்டாவது டிஸ்க் வாங்கச் சொன்னதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

வாரண்டியில் அனுப்பினால் டிஸ்க் மட்டும்தான் மாற்றிக் கிடைக்கும், டேட்டா கிடைக்காது. வரும் டிஸ்க் பல நேரம் புதுப்பிக்கப்பட்டதாக இருக்கும், மீதியுள்ள வாரண்டிதான் அதற்கும். டேட்டா வேண்டுமென்றால் ரெகவரியை முதலில் முடிவு செய்யுங்கள். லேபிளோ சீலோ கிழிந்தால் வாரண்டி போகலாம் என்பதால், எந்த ரெகவரி கடையிலும் திறக்கும் முன் எழுத்தில் கேளுங்கள். அனுப்பும்போது பபிள் ராப்பில் சுற்றி, சீரியல் நம்பர் தெரியும்படி படம் எடுத்து, கூரியர் ரசீதைப் பில்லோடு சேர்த்து வையுங்கள். கேபிளும் கவரும் அனுப்பச் சொல்லியிருந்தால் மட்டும் சேர்த்து அனுப்பினால் போதும், பல நேரம் அவை திரும்பி வருவதில்லை.